7. கல்லைக் கல் பிடித்திருக்கும் சாலை

காட்டுச் சாலையின் வாயிலில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த தடுப்புக் கம்பம் ஒன்று குறுக்கே கிடக்கிறது. மரம் ஏற்றும் லாரிக்கும் வனத்துறை வண்டிக்கும் மட்டுமே அது திறக்கும். கம்பத்தின் ஓரத்தில், ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நுழையும் அளவுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். அந்த இடுக்கைத் தாண்டி இரண்டு வளைவு ஏறினால் போதும், கீழே ஓடும் நெடுஞ்சாலையின் இரைச்சல் அடங்கிவிடும். தார்ச்சாலையில் ஓசையின்றி ஓடிய டயர் இப்போது நறநறவென்று பேசத் தொடங்கும்.

இது தென்மேற்கு ஜெர்மனியின் கருங்காடு. ரைன் ஆற்றுச் சமவெளியின் கிழக்கு ஓரத்தில், வடக்கு தெற்காகச் சுமார் 160 கிலோமீட்டர் நீளத்துக்கு எழுந்து நிற்கும் மலைத்தொடர். அதன் உச்சி ஃபெல்ட்பெர்க், 1,493 மீட்டர். ஸ்ப்ரூஸ், வெள்ளி ஃபிர், பீச் மரங்கள் அடர்ந்த சரிவுகளில் காட்டுச் சாலைகள் மடிந்து மடிந்து ஏறுகின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தார் கிடையாது. எல்லாம் சரளை. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அங்கே மணிக்கணக்காகச் சைக்கிள் மிதித்தாலும் எதிரே ஒரு கார்கூட வராது.

சைக்கிளை ஓரமாகச் சாய்த்துவிட்டு ஒரு சின்னச் சோதனை செய்துபார்ப்போம். சாலையின் நடுவில் குந்தி, விரலால் தோண்டி ஒரு கையளவு சரளையை எடுக்க முயல்வோம். எளிதில் வராது. ஒரு கூரான கல்லால் நெம்பினால்தான் பெயரும். பெயர்த்ததை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் கோழி முட்டை அளவுக் கல் ஒன்று, புளியங்கொட்டை அளவில் சில, மிளகு அளவில் பல, மீதியெல்லாம் தூள். இவற்றைப் பிணைக்கத் தாரும் இல்லை, சிமெண்டும் இல்லை. ஊதினால் தூள் பறந்துவிடும். இப்போது எல்லாவற்றையும் எடுத்த குழியிலேயே திரும்பப் போட்டு அமுக்குங்கள். குழி நிரம்பி, மேலே ஒரு சிறு குவியல் மிஞ்சி நிற்கும். எடுத்தது அதேதான், ஆனால் எடுத்த இடத்தில் அடங்காது.

ஒட்டாத கற்களால் ஆன இந்தச் சாலை 40 டன் மர லாரியை எப்படித் தாங்குகிறது? பெயர்த்த கல் ஏன் குழிக்குள் திரும்ப அடங்கவில்லை? காரில்லாத காட்டில் சரளைச் சாலை நெடுங்காலம் நன்றாக இருப்பது ஏன்? மூன்று கேள்விக்கும் விடை அந்தக் கையளவு சரளையில்தான் இருக்கிறது.

கோணல் கல்லின் பலம்

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நல்ல சாலை என்றால் அடியில் பாறாங்கற்களை அடுக்கிக் கட்டிய சாலை என்றே பொறியாளர்கள் நம்பினார்கள். ஜான் லவுடன் மெக்காடம் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அதை மறுத்தார். 1816-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் வட்டாரச் சாலைகளுக்குப் பொறுப்பேற்றவர் அவர். பெரிய கல் வேண்டவே வேண்டாம், சாலையில் ஒரு கல்லும் 6 அவுன்ஸுக்கு, அதாவது 170 கிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்றார். சுத்தியலால் உடைத்த, கூரும் மூலையுமான கற்களைப் பரப்பி, வண்டிகளை அதன்மேலேயே ஓடவிட்டால் அவை தாமாகவே இறுகிவிடும் என்று காட்டினார்.

ஆற்றுக் கூழாங்கல் பார்வைக்கு அழகு, சாலைக்கு உதவாது. உருண்டைக் கல்மேல் எடை விழுந்தால் அது பக்கத்துக் கல்மேல் உருண்டு நழுவும். உடைத்த கல்லோ தன் மூலையை அடுத்த கல்லின் இடுக்கில் நுழைத்துக்கொள்ளும். மேலிருந்து அழுத்த அழுத்த அந்தப் பிடி இறுகும். சுமைதான் அதற்குப் பசை.

இடுக்குகளை நிரப்புவது அடுத்த வேலை. ஒரே அளவுக் கோலிக்குண்டுகளை ஒரு பாத்திரத்தில் கொட்டி எவ்வளவு குலுக்கினாலும் கொள்ளளவில் ஏறத்தாழ 64 சதவீதம்தான் குண்டு. மீதி வெறும் இடம். அந்த இடத்துக்குள் சிறு குண்டுகளும், அவற்றின் இடுக்கில் இன்னும் சிறியவையும், கடைசியில் மணலும் தூளும் சேர்ந்தால்தான் கட்டி இறுகும். முட்டை அளவு, புளியங்கொட்டை அளவு, மிளகு அளவு, தூள் என்று நம் கையில் வந்த கலவை தற்செயலானது அல்ல. மெக்காடம் உடைகல்லை மட்டுமே நம்பினார். பின்னால் வந்தவர்கள் தூளைத் தூவி, தண்ணீர் தெளித்து, உருளை ஓட்டி அதை முழுமையாக்கினார்கள். நம் ஊரில் தார் போடுவதற்கு முன்னால் கப்பி பரப்பி, கிராவல் தூவி, லாரித் தண்ணீரை ஊற்றி ரோலர் ஓட்டியதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. கப்பி ரோடும் கருங்காட்டுச் சாலையும் ஒரே குடும்பம்.

குழிக்குள் அடங்காத சரளைக்கு விடை சொன்னவர் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ். நெருங்கிக் கிடக்கும் மணிகளை இடம்பெயர்க்க வேண்டுமானால் ஒன்றன்மேல் ஒன்று ஏறித்தான் போக வேண்டும், ஆகவே மொத்தக் கட்டியும் விரிந்தே தீரும் என்று 1885-இல் அவர் விளக்கினார். ஈரக் கடற்கரை மணலில் காலை ஊன்றினால் பாதத்தைச் சுற்றி மணல் சட்டென்று வெளுப்பதைப் பார்த்திருப்போம். மிதித்த அழுத்தத்தில் மணல் விரிகிறது, புதிதாய்ப் பிறந்த இடுக்குகள் மேல்தண்ணீரை உள்ளிழுத்துக்கொள்கின்றன, பரப்பு காய்ந்ததுபோலத் தெரிகிறது. இறுகிய சரளை அசைவதற்கு மேலே இருக்கும் சுமையைத் தூக்கியாக வேண்டும். லாரியின் எடையே சாலையை அசையவிடாமல் பிடித்துவைக்கிறது. நாம் பெயர்த்தபோது அந்த விரிவு நடந்துவிட்டது. விரிந்ததை விரலால் அமுக்கிச் சுருக்க முடியாது.

தண்ணீர் கட்டும், தண்ணீரே கரைக்கும்

மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் இந்தச் சாலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். டயர் சிமெண்டுத் தரையில் ஓடுவதுபோல ஓடும். அதே சாலை மூன்று வாரம் மழை காணாமல் காய்ந்தால் மேலே தூளும் உருளும் கல்லுமாகச் சக்கரத்தை அலைக்கழிக்கும். காரணம் தண்ணீரின் பரப்பு இழுவிசை. தூள்மணிகளுக்கிடையே தங்கும் மெல்லிய நீர்ப்படலம் அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. குழந்தைகள் ஈர மணலில் கோட்டை கட்டுவதும் இதே விசையால்தான். காய்ந்தால் கோட்டை சரியும். அலை வந்து மூழ்கடித்தாலும் சரியும், ஏனென்றால் இடுக்கெல்லாம் நீர் நிறைந்துவிட்டால் இழுத்துப்பிடிக்கும் படலம் என்று ஒன்று மிச்சமிருக்காது.

ஆகவே காட்டுச் சாலை போடுகிறவர்களின் பாதி வேலை தண்ணீரோடுதான். குறுக்கே பார்த்தால் சாலை ஓட்டுக்கூரைபோல நடுவில் உயர்ந்து இருபுறமும் தாழ்ந்திருக்கும். மலைப்பக்கத்தில் ஓடை வெட்டியிருப்பார்கள். குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு குழாய் சாலைக்கு அடியில் ஓடி ஓடைநீரைப் பள்ளத்துப்பக்கம் தள்ளும். செங்குத்தான இடங்களில் மரத்தாலோ இரும்பாலோ ஒரு கால்வாயைச் சாலையின் குறுக்கே சாய்வாகப் பதித்திருப்பார்கள். சைக்கிளில் போகிறவர் அதை நேர் குறுக்காகத்தான் கடக்க வேண்டும். சாய்ந்து கடந்தால் முன்சக்கரம் கால்வாய் வழியே திரும்பிவிடும்.

இவ்வளவும் செய்யாமல் விட்டால் ஒரே கோடைமழை போதும். சாலை நெடுக ஓடும் நீர் முதலில் தூளை அரிக்கும், பிறகு மிளகை, பிறகு கொட்டையை. கடைசியில் வெறும் முட்டைக் கற்கள் பல்லிளித்துக்கொண்டு நிற்கும். மேடேறும்போது அப்படிப்பட்ட இடத்தைக் கண்டால், மேலே எங்கோ ஒரு குழாய் இலையும் சுள்ளியும் அடைத்துக் கிடக்கிறது என்று ஊகிக்கலாம்.

வேகம் பிரித்த கல்

குதிரை வண்டியின் இரும்புப் பட்டை சரளைச் சாலைக்கு நண்பனாக இருந்தது. மெல்ல உருண்டு, கல்லை அழுத்தி, கொஞ்சம் நொறுக்கி, அந்தத் தூளையே இடுக்குகளில் திணித்தது. 1900-ஐ ஒட்டிக் கார் வந்தபோது இந்த உறவு முறிந்தது. ரப்பர் டயர் வேகமாகச் சுழலும்போது பின்னோக்கித் தள்ளும் விசையும் அதன் பின்னால் எழும் காற்றின் உறிஞ்சலும் சேர்ந்து தூளை அள்ளி எறிந்தன. தூள் போனதும் கல்லின் பிடி தளர்ந்தது. ஐரோப்பிய ஊர்கள் புழுதியில் மூழ்கின. 1908-இல் பாரிஸில் கூடிய முதல் சர்வதேசச் சாலை மாநாட்டின் கவலையே காருக்கு ஏற்பச் சாலையை எப்படி மாற்றுவது என்பதுதான். தார் கலந்த சல்லிக்கு இங்கிலாந்தில் எட்கர் பர்னல் ஹூலி 1902-லேயே காப்புரிமை பெற்றிருந்தார். சில பத்தாண்டுகளில் ஊர்ச் சாலைகளெல்லாம் கறுத்தன. தார் வந்ததும் காரின் வேகம் இன்னும் கூடியது. வேகம் கூடிய சாலையில் நடப்பவருக்கும் சைக்கிள்காரருக்கும் இடம் சுருங்கியது.

வேகம் சரளைக்குச் செய்யும் இன்னொரு தீங்கைக் கிராமத்துச் சாலைகளில் எல்லோரும் அனுபவித்திருப்போம். துவைகல்லின் வரிகளைப்போலச் சாலையின் குறுக்கே ஒரே சீரான மேடுபள்ளங்கள் வரிசையாக எழும். வண்டியின் ஸ்பிரிங்குதான் காரணம் என்று நெடுங்காலம் நினைத்தார்கள். நிக்கோலா தாபர்லே, ஸ்டீபன் மோரிஸ், ஜிம் மெக்எல்வெய்ன் என்ற மூன்று இயற்பியலாளர்கள் சுழலும் மேசையில் மணலைப் பரப்பி, அதன்மேல் ஒரு சிறு சக்கரத்தை ஓடவிட்டுப் பார்த்தார்கள். கிடைத்த முடிவு எளிமையானது. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே மணல் சமமாகவே இருக்கிறது. அதைத் தாண்டியதும் வரிகள் எழுகின்றன. ஸ்பிரிங் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எழுகின்றன. சக்கரத்துக்குப் பதிலாக உருளாத தகடு ஒன்றை இழுத்தாலும் எழுகின்றன. குளத்தில் சாய்த்தெறிந்த ஓட்டாஞ்சில்லு தவ்வித் தவ்விப் போவதுபோல, வேகமான எதுவும் மணல்மேல் தவ்வத் தொடங்கிவிடுகிறது. தவ்விய இடமெல்லாம் குழி.

தடுப்புக் கம்பத்துக்கு உள்ளே இந்த வேகம் நுழைவதில்லை. மர லாரி கனமானது, ஆனால் மெதுவாகத்தான் ஊர்கிறது. அது சாலையை அழுத்துகிறது, தவ்வ வைப்பதில்லை. சைக்கிள் இலேசானது, லாரியோடு ஒப்பிட்டால் அதன் எடையைச் சாலை உணர்வதேயில்லை. மெக்காடம் காலத்துச் சாலைக்குப் பொருத்தமான போக்குவரத்து இன்று எஞ்சியிருப்பது காட்டுக்குள்தான்.

சட்டமும் துணைநிற்கிறது. ஜெர்மனியின் கூட்டாட்சி வனச் சட்டம் 1975-இல் வந்தது. காட்டுக்குள் உலவ யாருக்கும் உரிமை உண்டு என்று அது சொல்கிறது. சைக்கிள் என்றால் சாலையையும் பாதையையும் விட்டு இறங்கக்கூடாது. கருங்காடு அமைந்திருக்கும் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் இன்னும் ஒரு படி இறுக்கமானது. 2 மீட்டருக்குக் குறைந்த அகலமுள்ள பாதையில் சைக்கிள் பொதுவாகக் கூடாது. ஆகவே அகலமான காட்டுச் சரளைச் சாலையே அங்கே சைக்கிளின் இயல்பான இடம்.

வன அதிகாரி கண்ட வண்டி

இந்த மலையின் வடக்கு வாசல்போல நிற்கும் நகரம் கார்ல்ஸ்ரூ. 1785-இல் அங்கே பிறந்தவர் கார்ல் ட்ரைஸ். படித்தது வனவியல், பெற்ற பதவி பாடன் அரசின் வன அதிகாரி. 1817 ஜூன் 12-ஆம் நாள் அவர் மான்ஹைம் நகரிலிருந்து ஷ்வெட்சிங்கன் செல்லும் சாலையில் ஒரு விசித்திர வண்டியை ஓட்டிப்போனார். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மரச்சக்கரம், நடுவில் ஒரு இருக்கை, திருப்புவதற்கு ஒரு பிடி. மிதிகட்டை கிடையாது. காலால் தரையை உதைத்து உதைத்துத்தான் ஓட வேண்டும். போய்த் திரும்பிய தூரம் சுமார் 14 கிலோமீட்டர், எடுத்த நேரம் ஒரு மணிக்கும் குறைவு. நமது சைக்கிளின் மூதாதை அதுதான்.

முந்தைய 1816-ஆம் ஆண்டு ஐரோப்பாவுக்குக் கோடையே வராத ஆண்டு. 1815-இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்துக் கக்கிய தூசியும் கந்தகமும் வானை மறைக்க, பயிர் பொய்த்தது. குதிரைக்குப் போட ஓட்ஸ் கிடைக்காத அந்தத் தட்டுப்பாடுதான் குதிரையில்லா வண்டியைத் தேட வைத்தது என்பது சைக்கிள் வரலாற்றாசிரியர் ஹான்ஸ்-எர்ஹார்ட் லெஸிங் முன்வைத்த கருத்து.

ட்ரைஸ் தன் முதல் ஓட்டத்துக்கு அந்தச் சாலையைத் தேர்ந்தது சும்மா அல்ல. ஷ்வெட்சிங்கன் அரண்மனைக்குப் போகும் அந்தச் சாலை நாட்டின் மிகச் சிறந்த சாலைகளில் ஒன்று. மற்ற சாலைகள் வண்டித்தடம் பதிந்து குண்டும் குழியுமாகக் கிடந்தன. ஒற்றைத் தடத்தில் சமநிலை பிடித்து ஓடும் வண்டிக்கு அவை ஒத்துவரவில்லை. ஓட்டியவர்கள் நடைபாதையில் ஏறினார்கள். அந்த ஆண்டு டிசம்பரிலேயே மான்ஹைம் நகரம் அதைத் தடைசெய்தது. பிறந்த ஆறே மாதத்தில் சைக்கிளுக்குப் போக இடமில்லாமல் போயிற்று. நடைபாதை நடப்பவருக்கு, சாலை குதிரைக்கு, பிறகு காருக்கு. இருநூறு ஆண்டுகளாக இந்த இடத்தகராறு எல்லா ஊரிலும் நடக்கிறது. ஒரு வன அதிகாரி கண்ட வண்டிக்கு உரிய சாலை வனத்துக்குள்ளேயே இருந்தது என்பதை நினைக்கும்போது எனக்கு மனம் நிறைகிறது.

காற்றின்மேல் மிதப்பது

ட்ரைஸின் மரச்சக்கரத்துக்கும் இன்றைய சரளைச் சைக்கிளுக்கும் நடுவே நிகழ்ந்த பெரிய மாற்றம் காற்று. காற்றடைத்த டயருக்கு ராபர்ட் தாம்ஸன் 1845-லேயே காப்புரிமை பெற்றிருந்தும் அது பரவவில்லை. 1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப் அதை மறுபடி கண்டு சைக்கிளில் பூட்டினார்.

காற்று என்ன செய்கிறது என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். சைக்கிளும் ஆளும் சேர்ந்து 85 கிலோ, அதில் பின்சக்கரத்தின் பங்கு 45 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சாலையில் ஐந்து மில்லிமீட்டர் துருத்திய கல்மேல் கெட்டியான சக்கரம் ஏறினால் அந்த 45 கிலோவும் ஐந்து மில்லிமீட்டர் மேலே தூக்கப்பட வேண்டும். செலவு சுமார் 2.2 ஜூல். அற்பம்தான். ஆனால் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் 25 சென்டிமீட்டருக்கு ஒரு கல் என்றால் நொடிக்கு 20 கல். அத்தனை ஆற்றலும் வீணானால் 44 வாட். மலையேறும் சாதாரண ஆரோக்கியமான ஒருவர் ஒரு மணி நேரம் தொடர்ந்து கொடுக்கக்கூடியது 150 வாட் அளவுக்குத்தான் இருக்கும். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் குலுக்கலே தின்றுவிடும்.

காற்றடைத்த டயர் கல்லைத் தனக்குள் வாங்கிக்கொள்கிறது. கல் இருக்கும் இடத்தில் மட்டும் ரப்பர் உள்ளே குழிகிறது, ஆளும் வண்டியும் நேர்கோட்டில் போய்க்கொண்டே இருக்கிறார்கள். எவ்வளவு குழியும் என்பது அழுத்தத்தைப் பொறுத்தது. தார்ச்சாலைப் பந்தய சைக்கிளில்போல 7 பார் காற்று அடைத்தால் அந்த 45 கிலோவைத் தாங்க டயர் தரையில் பதிக்கும் பரப்பு சுமார் 6 சதுர சென்டிமீட்டர், பெருவிரல் ரேகை அளவு. 2.5 பாருக்கு இறக்கினால் அது 18 சதுர சென்டிமீட்டர் ஆகிறது. மூன்று மடங்குப் பரப்பு, கல்லைப் பிடிக்க மூன்று மடங்கு இடம். காற்றை இவ்வளவு குறைத்தால் மெல்லிய டயர் கல்லில் மோதி ரிம்வரை நசுங்கும். அதனால்தான் சரளைச் சைக்கிளுக்கு 40, 45 மில்லிமீட்டர் அகல டயர். ட்யூபை எடுத்துவிட்டு உள்ளே ஒட்டுத்திரவம் ஊற்றுவதும் இதற்காகவே. நசுங்கிக் கிழிய அங்கே ட்யூப் இல்லை, முள் குத்தினால் திரவம் ஓட்டையை அடைக்கும்.

இறுக்கமாகக் காற்றடித்தால் வேகமாகப் போகலாம் என்று நாம் எல்லோரும் கற்றோம். வழுவழுப்பான தரையில் அது ஓரளவு உண்மை. கரடான தரையில் உண்மை திரும்பிவிடுகிறது. டயர் வளையாவிட்டால் உடம்பு வளைய வேண்டும். கையும் தோளும் வயிறும் குலுங்கி அதிர்வை வெப்பமாக மாற்றும். அந்த வெப்பத்துக்கான விலையைக் கால்தான் கொடுக்கிறது.

சரளையில் முன்சக்கரம் ஓயாமல் ஒரு விரற்கடை இப்படி, ஒரு விரற்கடை அப்படி என்று நழுவும். புதிதாக ஓட்டுகிறவர் பயந்து கைப்பிடியை இறுகப் பிடிப்பார். பிடித்தால் இன்னும் தடுமாறுவார். சைக்கிளுக்குத் தன்னைத்தானே நிமிர்த்திக்கொள்ளும் குணம் உண்டு. எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே முன்சக்கரம் தானாகத் திரும்பி, சாய்வைத் தாங்கிக்கொள்ளும். சுழலும் சக்கரத்தின் கைரோ விளைவுதான் இதற்கு முழுக் காரணம் என்று நெடுநாள் பாடம் சொல்லப்பட்டது. நெதர்லாந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் கைரோ விளைவை நீக்கிய ஒரு சைக்கிளைக் கட்டி, அதுவும் ஆளில்லாமல் விழாமல் ஓடுவதை 2011-இல் காட்டினார்கள். எடை எங்கே எப்படிப் பரவியிருக்கிறது என்பதற்கும் பெரிய பங்கு உண்டு. கையைத் தளர்த்தினால் சைக்கிள் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். இறுக்கினால் அந்த வேலையைக் கெடுக்கிறோம்.

லாரிக்குப் போட்ட சரிவு

கார்ல்ஸ்ரூவிலிருந்து முர்க் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஃப்ராய்டன்ஷ்டாட்வரை ஒரு ரயில் போகிறது. வழியில் ஃபோர்பாக்கில் இறங்கினால் ஆற்றின்மேல் கூரை போட்ட மரப்பாலம் நிற்கும். அங்கிருந்து கிழக்கே ஹோலோ என்ற 988 மீட்டர் முகடுவரை ஏறத்தாழ 650 மீட்டர் ஏற்றம். அடிவாரத்தில் சாலையோரப் பாறை சாம்பல் நிறக் கருங்கல், ஃபோர்பாக் கிரானைட். மேலே ஏற ஏற ஓரிடத்தில் வெட்டுமுகம் சிவக்கும். சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் பாலைநிலத்து ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணல், பாறையாகிப் பழைய கிரானைட்டின்மேல் போர்த்திக் கிடக்கிறது. ரைன் பள்ளம் தாழ்ந்தபோது அதன் தோள்போல எழும்பிய மலை இது. சைக்கிளில் ஏறுகிறவர் மண்ணியல் நூலின் ஏடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே போகிறார்.

85 கிலோவை 650 மீட்டர் தூக்க 5,42,000 ஜூல் வேண்டும். 150 வாட்டில் மிதிப்பவருக்கு உராய்வை விட்டுவிட்டால் சரியாக ஒரு மணி நேரம். செங்குத்தாக இருந்தாலும் சாய்வாக இருந்தாலும் மொத்தக் கணக்கு இதுதான், ஆனால் உடம்புக்கு வித்தியாசம் பெரிது. மர லாரி சுமையோடு இறங்க வேண்டும் என்பதால் காட்டுச் சாலைகளின் சரிவைப் பொதுவாகப் பத்து சதவீதத்தை ஒட்டியே நிறுத்துகிறார்கள். இயந்திரத்துக்காக வகுத்த அந்தச் சரிவு மனிதத் தொடைக்கும் அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்திவிடுகிறது.

இந்தச் சாலைகளுக்கு முன்னால் இங்கே மரத்துக்கு ஆறுதான் சாலை. ஓடையில் அணைபோட்டு நீரைத் தேக்கி, ஒரே வீச்சில் திறந்துவிட்டுத் தடிகளை முர்க் ஆற்றுக்குத் தள்ளினார்கள். அங்கே தெப்பமாகக் கட்டி ரைன் வழியாக நெதர்லாந்துக்கு அனுப்பினார்கள். அந்த நாட்டின் கப்பல்களுக்கும் கட்டடக் கால்களுக்கும் இந்த மலை மொட்டையடிக்கப்பட்டது. இன்று நாம் நிழலில் ஓட்டும் ஸ்ப்ரூஸ் காட்டின் பெரும்பகுதி அதன் பிறகு நட்டு வளர்த்தது. 1999 டிசம்பர் 26-ஆம் நாள் வீசிய லோதார் புயல் அந்த ஒரேவகை மரக்காட்டைப் பரப்புப் பரப்பாகச் சாய்த்துப்போட்டது. 2014-இல் வடக்குக் கருங்காட்டில் சுமார் 10,000 ஹெக்டேர் தேசியப் பூங்கா ஆயிற்று. விழுந்த மரத்தை விழுந்தபடி விட்டுக் காடு தானாக என்ன செய்கிறது என்று பார்க்கிறார்கள்.

அமைதி யாருக்குச் சொந்தம்?

முகட்டில் நின்றால் காற்றும் பறவையும் மட்டும்தான். இந்த அமைதியை அளக்க அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஒரு சோதனை நடந்தது. சாலையே இல்லாத ஒரு மலைமுகட்டில் அரை கிலோமீட்டர் நீளத்துக்கு ஒலிபெருக்கிகளை வைத்து வாகன இரைச்சலை மட்டும் ஒலிக்கவிட்டார்கள். நான்கு நாள் ஒலி, நான்கு நாள் அமைதி என்று மாற்றி மாற்றி. காரும் இல்லை, புகையும் இல்லை, தாரும் இல்லை. ஆனாலும் ஒலித்த நாட்களில் பறவைகள் கால்வாசிக்கும் மேல் குறைந்தன. 2013-இல் வெளியான இந்த ஆய்வு சொல்வது, சாலை என்பது அதன் அகலத்தோடு முடிவதில்லை, அதன் ஓசை எட்டும்வரை நீள்கிறது என்பதைத்தான்.

சைக்கிள் ஓசையற்றது என்பதால் நாம் பாதிப்பில்லாதவர்கள் ஆகிவிட மாட்டோம். கருங்காட்டின் உயரங்களில் ஆவர்ஹூன் என்றொரு பெரிய காட்டுக்கோழி வாழ்கிறது. சேவல் நான்கைந்து கிலோ இருக்கும். அதன் எண்ணிக்கை பல பத்தாண்டுகளாகச் சரிந்துவருகிறது. தெற்குக் கருங்காட்டில் ஆய்வாளர்கள் அதன் எச்சத்தைச் சேகரித்து மன அழுத்த ஹார்மோனின் தடயங்களை அளந்தார்கள். பனிச்சறுக்குக் கூட்டம் மிகுந்த இடங்களில் அந்த அளவு உயர்ந்திருந்ததை 2008-இல் வெளியிட்டார்கள். பறவை பறந்தோடாமல் புதருக்குள் அசையாமல் இருந்திருக்கலாம். நமக்குத் தெரியாமல் அதன் இரத்தம் பதறியிருக்கிறது.

எப்போதும் மனிதர் போகும் ஒரே தடத்தைக் காட்டுயிர்கள் கணக்கில் வைத்துக்கொண்டு ஒதுங்கி வாழும். எங்கிருந்து வருவார் என்று தெரியாத மனிதர்தான் அவற்றுக்குப் பெரிய அச்சம். ஆகவே சரளைச் சாலையைவிட்டு இறங்காமல் ஓட்டுவது சட்டத்துக்குப் பணிவது மட்டுமல்ல. நமக்கு வேண்டிய அமைதியை நாம் அனுபவிக்க, அவற்றுக்கு வேண்டியதை விட்டுவைப்பது.

இறக்கம்

ஏறியதெல்லாம் இறங்கியாக வேண்டும். சேர்த்துவைத்த 5,42,000 ஜூலும் இப்போது காற்றிலும் சரளையிலும் பிரேக்கிலும் வெப்பமாகக் கரையும். ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பம் அது. வளைவு நெருங்குகிறது, கை பின்பிரேக்கைக் கெட்டியாக அழுத்துகிறது, சக்கரம் சுழல்வதை நிறுத்திவிட்டுச் சரளையைச் சீவிக்கொண்டு போகிறது.

இறங்கித் திரும்பிப் பாருங்கள். இரண்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு கீறல். அதன் ஓரத்தில் முட்டை அளவுக் கல்லும் கொட்டையும் மிளகும் தூளும் பெயர்ந்து குவிந்திருக்கின்றன. காலையில் நாம் கல்லால் நெம்பி எடுத்த அதே கையளவுதான், இப்போது சக்கரத்தால். காலால் தள்ளிக் கீறலை மூடலாம். மேலே கொஞ்சம் மிஞ்சி நிற்கும். அடுத்த மழை அந்தத் தூளைத்தான் முதலில் அரிக்கும், அடுத்து வருகிறவரின் முன்சக்கரம் அந்த உதிரிக் கல்லில்தான் நழுவும். அது மறுபடி இறுக ஒரு லாரியின் எடை வேண்டும், அளவான ஈரம் வேண்டும், நாட்கள் வேண்டும்.

வளைவுக்கு நன்றாக முன்பே, சக்கரம் உருண்டுகொண்டிருக்கும்போதே, இரண்டு பிரேக்கையும் மெல்லப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டால் ஒரு கல்கூடப் பெயராது.